விஜயதசமிக்குப் பிறகு வீட்டு வைஃபை

விஜயதசமி கழிந்த புதன்கிழமை மாலை என் மனைவி ஒரு வினைச்சொல்லின் நடுவில் உறைந்துபோனாள். திரையில்தான். பின்னறை மேசைக்கு முன்னால் அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் இருந்த இரண்டு தேர்வாளர்களுக்குத்தான் வாய் பாதி திறந்து, கை பாதி உயர்ந்து, கோயில் தூணில் இருப்பவள்போலத் தெரிந்திருக்கிறாள். மறுபடி இணைந்து, மன்னிப்புக் கேட்டு, விட்ட இடத்தில் தொடங்கினாள். மறுபடி தூண். மூன்றாம் முறை அவர்களே இன்றைக்குப் போதும் என்று பிரெஞ்சில் மிக நாகரிகமாகச் சொல்லிவிட்டார்கள்.

லாஸ்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் பல வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள் அவள். கோடை விடுமுறையோடு அதை விட்டாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவளுக்குக் குரலே இருக்காது. காப்பி வேண்டும் என்பதைக்கூட விரலால்தான் காட்டுவாள். இணையத்தில் மொழி கற்பிக்கும் ஒரு நிறுவனம் ஆள் எடுப்பது தெரிந்து விண்ணப்பித்தாள். எழுத்துத் தேர்வு, நேர்காணல் இரண்டையும் தாண்டிவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரு மாதிரி வகுப்பு. அதுதான் புதன்கிழமை தூணாகி நின்றது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அதே ஐந்து மணிக்கு, இன்னொரு வாய்ப்பு தந்தார்கள். இணைப்பு நிலையாக இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள இயலாது என்ற வரியும் அந்த மின்னஞ்சலில் இருந்தது. பழைய பள்ளியின் தலைமையாசிரியை ஏற்கெனவே தொலைபேசியில் பேசியிருந்தார். இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது, விடுதலை நாளுக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார். நவம்பர் முதல் தேதி. நாட்டுக்கு ஆகஸ்டில் ஒன்று, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனதற்காக எங்கள் ஊருக்கு மட்டும் கூடுதலாக நவம்பரில் ஒன்று. தேதிகளில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. அந்த வருடம் விடுதலை நாள் நெருங்க நெருங்க எங்கள் வீட்டில் ஒருத்தி சிறைக்குத் திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு மட்டும் வேடிக்கையாக இருந்தது. அவளிடம் ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை.

நாங்கள் இருப்பது நெல்லித்தோப்பில், மாமனார் வீட்டில். நான் வீட்டோடு மாப்பிள்ளை. அவர் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அந்த வேலையைத் தெருவில் மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் காலமான பிறகும் வீட்டைப் பாசறை ஒழுங்கில்தான் வைத்திருக்கிறார். செருப்புகளின் மூக்கு ஒரே கோட்டில் நிற்கும். இரவுச் செய்தி முடிந்ததும் கூடத்து சுவிட்ச் போர்டு மொத்தமும் அணையும். மறுநாள் நாலு மணித் தேநீருக்குப் பிறகுதான் மறுபடி உயிர்பெறும். மாடியில் ஒரு செவிலியர் குடியிருக்கிறார். எங்கள் வைஃபையின் கடவுச்சொல் அவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை எங்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். மழை பிடித்திருந்த வாரம் அது. மழைக்கோட்டைக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டு, பின்னறை ரூட்டரைச் சோதித்து, மடிக்கணினியில் ஒரு பிரெஞ்சுச் சமையல் காணொளியை ஓடவிட்டுப் பார்த்தார். அது ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது. "லைன் கிளீனா இருக்கு சார். மழையில எங்கனா ஜாயின்ட் லூசாயிருக்கும். இன்னொரு தபா போச்சுன்னா கால் பண்ணுங்க" என்று சொல்லிப் போனார். அன்று மாலை இன்னொரு தபா போனது. அழைத்தோம். வெள்ளிக்கிழமை காலை வந்தார். லைன் கிளீனாக இருந்தது.

மாமனாருக்கு இது வெளியாள் வேலை என்று பட்டது. யாரோ நம் வைஃபையைத் திருடுகிறார்கள் என்றார். எதிரே கைபேசிக் கவர் விற்கும் கடைக்கு வருகிறவர்கள் எங்கள் படியில் உட்கார்ந்து திரையைத் தேய்ப்பது உண்மைதான். வெள்ளி மாலை முழுவதும் நாற்காலியை வாசலில் போட்டு, தலை குனிந்து உட்காரும் ஒவ்வொருவரையும் எழுப்பி அனுப்பினார். அதில் ஒருவர் செருப்பு வார் அறுந்து உட்கார்ந்தவர். இணைப்பு வழக்கம்போல் விட்டு விட்டு வந்தது.

அவர் வற்புறுத்தலால் கடவுச்சொல்லை மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் செவிலியர் படியிறங்கி வந்து, "அங்கிள், மேல நெட் சுத்தமா போச்சு" என்றார். மாமனார் என்னைப் பார்த்தார். குற்றவாளி தானாக வந்து சரணடைந்துவிட்டான் என்கிற பார்வை அது. மாமனார் கையில் இருந்த டேப்லெட்டும் அதே நேரத்தில்தான் நின்றுபோயிருந்தது. அதை அவர் சாட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்தேன். மாலைகள் மட்டும் மாறவில்லை.

யாரைச் சந்தேகிப்பது என்று யோசிப்பதைவிட, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது. கல்லூரி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன் நான். எண்ணுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த துப்பறிதல். சனிக்கிழமை அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வீட்டு வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஓர் எண் கிடைக்கிறது. அதன் முன்பகுதி எல்லோருக்கும் பொது, தெருப்பெயர் மாதிரி. கடைசிப் பகுதிதான் கதவு எண். ரூட்டர் ஒன்றாம் எண்ணில் இருக்கும். வெளியுலகத்துக்குப் போகும் எதுவும் அந்த ஒன்றாம் எண் வாசல் வழியாகத்தான் போகவேண்டும். இதைத் தவிர, தொழிற்சாலையிலேயே பொறித்து அனுப்பும் இன்னொரு எண்ணும் ஒவ்வொரு கருவிக்கும் உண்டு. கதவு எண் மாறலாம். இது உடம்போடு பிறந்த மச்சம். மச்சத்தின் முன்பாதியை வைத்தே எந்தக் கம்பெனியின் தயாரிப்பு என்று சொல்லிவிடலாம்.

இதற்கென்று இலவச நிரல்கள் இருக்கின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் தெருமுனையில் தொடங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டி, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே போகும். பதில் வந்த கதவுகளை மட்டும் வரிசையாகத் திரையில் காட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்குப் பிறகு என் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். மாமனார் எனக்குப் பின்னால் கைகட்டி நின்றார்.

"அப்பேல் எடுக்கறீங்களா மாப்ள?" என்றார். பாசறையில் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு அந்தப் பெயர். அதன் பிறகு அவரை அந்த இடத்திலிருந்து நகர்த்த முடியவில்லை.

முதல் முயற்சியில் எனக்கு எதிரே எரிந்துகொண்டிருந்த என் மனைவியின் மடிக்கணினியே வரிசையில் வரவில்லை. சில கருவிகள் கதவைத் தட்டினால் பாதுகாப்புக்காகப் பேசாமல் இருந்துவிடும் என்று படித்திருந்தேன். இருந்துகொண்டே பதில் சொல்லாதவனை உள்ளே தள்ளவேண்டும் என்று மாமனார் தீர்ப்புச் சொன்னார். அதற்கும் வழி இருந்தது. "இருக்கிறாயா" என்று கேட்காமல், "இந்தக் கதவு எண் யாருடையது" என்று தெருவுக்கே பொதுவாகக் கேட்கவேண்டும். அதற்கு எந்தக் கருவியும் பேசாமல் இருக்க முடியாது. இருந்தால் அதற்கு வரும் தபால் நின்றுவிடும். அப்படிக் கேட்டதும் மடிக்கணினி வாய் திறந்தது.

ஒவ்வொன்றாக அடையாளம் கண்டோம். எதுவென்று தெரியாததை அணைத்துவிட்டு மறுபடி தட்டினோம்; வரிசையிலிருந்து எது காணாமல் போகிறதோ அதுதான் அது. மாமனாரின் டேப்லெட் இப்படிக் காணாமல் போனபோது அவர் மிகவும் ரசித்தார். திரும்பப் போட்டு, அது வருகிறதா என்று இன்னொரு தரம் பார்க்கச் சொன்னார். வாசல் கேமரா, கைபேசியிலிருந்தே தண்ணீர் மோட்டாரைப் போடுவதற்கு நான் வாங்கி மாட்டிய சுவிட்ச், எங்கள் கைபேசிகள். இந்தக் காலத்துக் கைபேசிகள் சொந்த மச்சத்தைக் காட்டாமல் ஒட்டுமச்சத்தோடு மாறுவேடத்தில் வருகின்றன. மாடியிலிருந்து வந்த ஒரு மாறுவேடத்தைத் தீர்த்துக்கொள்ள, செவிலியரிடம் போய்க் கைபேசியை ஒரு நிமிடம் அணைக்கச் சொன்னோம். மாமனாரும் கூட வந்தார். வரிசையிலிருந்து அது மறைந்ததும் அந்தப் பெண்ணிடம், "தப்பா நெனைக்காதம்மா, எல்லாரையும்தான் பாக்கறோம்" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய மன்னிப்பு அவ்வளவுதான்.

வரிசையில் எல்லோரும் எங்கள் ஆட்கள். அந்நியர் ஒருவர்கூட இல்லை. மாமனார் ஏமாற்றத்தோடு துணி காயப்போடப் போனார்.

காலையில் கிளீன், மாலையில் கோளாறு என்றால் மாலையிலும் ஒருமுறை எண்ணவேண்டும் அல்லவா? ஐந்தரைக்கு மறுபடி தட்டினேன். காலையில் இருந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கூடுதலாகக் கூடத்து டிவி, அது எதிர்பார்த்ததுதான். நிரலை மூடப் போனபோது ஒன்றாம் எண்ணின் மச்சம் கண்ணில் பட்டது. காலையில் பார்த்தது அதுவல்ல. மறுபடி தட்டினேன், காலையில் பார்த்ததே வந்தது. இன்னொரு தரம், மறுபடி அந்நிய மச்சம். கதவு எண் ஒன்று, நான்தான் அது என்று சொல்கிறவர்கள் இரண்டு பேர்.

பழைய எண், புதிய எண் என்று ஒரே தெருவில் இரண்டு வீடு ஒரே இலக்கத்தோடு நின்று, கல்யாணப் பத்திரிகை மாறிப் போவதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கவேண்டாம். என் மனைவியின் குரல் வெளியே போக ஒன்றாம் எண் வாசல் எங்கே என்று கேட்கிறது. சில சமயம் சரியான ஆள் முந்திக்கொண்டு இங்கே என்கிறான். சில சமயம் மற்றவன். அவன் பின்னால் வாசலே கிடையாது.

அந்நியனின் மச்சத்தில் கம்பெனியைத் தேடினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் விட்டுவிட்டு வந்த இணைய நிறுவனம் கொடுத்திருந்த ரூட்டரின் கம்பெனி. அந்தப் பெட்டியைப் பரணில் போட்டது எனக்கு நினைவிருந்தது. ஏணி வைத்துப் பார்த்தேன். அங்கே இல்லை. கூடத்துக்கு வந்து டிவிக்குப் பின்னால் எட்டிப்பார்த்தேன். நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம், கழுத்தில் வாடிய சாமந்திச் சரத்தோடு, நாலு மணிக்கு மேல் உயிர்பெறும் அந்த சுவிட்ச் போர்டின் தயவில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இங்கே ஆயுத பூஜையைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் அது மாமனாரின் அணிவகுப்பு. கத்தரிக்கோலிலிருந்து ஸ்கூட்டர் வரை, பரணில் தூங்குவது உட்பட, சகல உபகரணமும் துடைத்து வரிசையில் நிற்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் அவர் கையால் பொட்டு. அன்று எதையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று, பூஜை போட்ட ஒவ்வொன்றுக்கும் கொஞ்சமாவது வேலை கொடுக்கவேண்டும். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மற்ற வீடுகளில் புத்தகத்தில் இரண்டு வரி படிப்பார்கள், வண்டியைத் தெருமுனை வரை ஓட்டுவார்கள், அதோடு சரி. மாமனார் ஒன்றையும் விடமாட்டார். கத்தரிக்கோல் காகிதம் வெட்டும். தையல் மிஷின் ஒரு தலையணை உறைக்கு ஓரம் அடிக்கும். அன்று நானும் மனைவியும் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம்.

இப்போது மாமனார் நாற்காலியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அது கேபிளில் வருவது. இணையம் விழுந்தாலும் அவருக்குத் தெரியாது.

"மாமா, டிவிக்குப் பின்னால ஒரு பொட்டி இருக்கே."

"நான்தான் வெச்சேன். பூஜ போட்டத சும்மா வெக்கக் கூடாதே மாப்ள. புதுப் பொட்டிலேர்ந்து டிவிக்கு வர்ற நெட் வயர் அதுக்கு சரியா இருந்திச்சு, சொருவனேன். கூடவே ஒரு குட்டி வயர் இருந்திச்சு, அத டிவில சொருவனேன். பச்ச லைட் வந்திரிச்சு." ஒலியைக் குறைத்தார். "அவ கிளாசுக்கு ஒண்ணுக்கு ரெண்டா நிக்கட்டும்னுதான். பலம் பாருங்க."

பின்னறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல இடம் வலமாக அசைத்தாள். நல்லது மாமா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சமையலறையில் விசாரணை நடந்தது. தனக்காக வேண்டிக்கொண்டு வைத்ததை, அதனால்தான் தன் வகுப்பு போனது என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்றாள் மனைவி. அப்படியானால் செவ்வாய்க்கிழமை அவர் பார்க்காத நேரத்தில் வயரைப் பிடுங்கிவிடுகிறேன் என்றேன். அவருக்குத் தெரியாமல் செய்வது அதைவிட மோசம் என்றாள். சொல்லவும் கூடாது, மறைக்கவும் கூடாது.

"அப்ப அந்த ஸ்கூலுக்கே போறியா?"

"போவேன்" என்றாள். சொன்ன குரல் போகிறவளின் குரலாக இல்லை. திங்கள் மாலை பழைய தோழி ஒருத்தியோடு ஒத்திகை பார்த்தாள். தோழி அவளை மூன்று முறை தூணாகப் பார்த்தாள். அன்றிரவு சாப்பாட்டில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். மதியச் சாப்பாடு முடிந்து மாமனார் வெற்றிலை மடிக்கும் நேரம். மனைவி பின்னறையில் பாடத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லமுடியாது.

"மாமா, ஒரு சந்தேகம். ஒரு கேட்ல ரெண்டு சென்ட்ரி நிப்பாங்களா?"

"நிப்பாங்க. பக்கத்துக்கு ஒருத்தன்."

"ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் குடுத்து, ஒருத்தன நெசமான கேட்லயும் இன்னொருத்தன வெறும் செவுத்துக்கு முன்னாலயும் நிக்க வெச்சா? ரெண்டு பேரும் இதான் கேட்டு, இப்பிடி வாங்கன்னு கூப்புட்டா?"

வெற்றிலை பாதியில் நின்றது. கேலி செய்கிறேனா என்று ஒருமுறை பார்த்தார். பிறகு டிவியின் பக்கம் பார்த்தார். கணக்கெடுப்பில் எனக்குப் பின்னாலேயே நின்றவர் அல்லவா, கேள்வி எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டது.

"அதான் புதன்கெழம போச்சா?"

"ஆமா மாமா."

"அவளுக்குத் தெரியுமா?"

"ஞாயித்துக்கெழமையே தெரியும்."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். அவர் வருத்தப்படுவார், கோபப்படுவார், சகுனம் பேசுவார் என்றெல்லாம் நாங்கள் இரண்டு நாளாக நினைத்திருந்தோம். அவர் கேட்டது வேறு. "ரெண்டு நாளு சோறு தின்னாம உக்காந்திருந்தா. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் இன்னா சின்னப் பிள்ளையா?"

பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டார். காவல் மாறும்போது காவலனைச் சட்டென்று இழுத்துவிடக் கூடாதாம். அதற்கு ஒரு முறை உண்டு, ரெலேவ் என்று பெயர். அடுத்தவன் வந்து நின்று, இவன் விடைபெற்றுப் போகவேண்டும். அதோடு அப்போது ராகு காலம் பிறந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை. பூஜை போட்டதை அந்த நேரத்தில் கழற்றமுடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஐந்து மணிக்கு வகுப்பு. நான் நாலரை வரை கூடத்தில் நடந்தேன். அவர் உட்கார்ந்திருந்தார்.

நாலரை தாண்டியதும் டிவிக்குப் பின்னால் குனிந்து, வயரைக் கழற்றி, பழையபடி நேராக டிவியில் சொருகினார். பெட்டியைத் துண்டால் துடைத்து, பொட்டு கலையாமல் எடுத்துக்கொண்டு போய்ப் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். அப்படியே பின்னறை வாசலுக்குப் போய், மகளிடம், "எடுத்துட்டேன். போய்ப் பேசு" என்றார். அவள் என்னைத் தேடினாள். நான் சமையலறையில் இருந்தேன்.

வகுப்பு நடந்த நேரம் முழுவதும் என் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றாம் கதவை மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே மச்சம். மாமனார் டிவியைப் போடாமல் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் தலையசைக்கும் ஒவ்வொரு முறையும் அவரும் அசைத்தார். கதவுக்குப் பின்னால் அவள் குரல் நிற்கவில்லை. ஒருமுறை யாரோ சிரிப்பதுகூடக் கேட்டது. வெளியே வந்தபோது கழுத்தெல்லாம் வியர்வை. நேரே போய், மதியம் மிச்சம் வைத்த சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். விடுதலை நாளுக்கு முந்தைய மாலை அவள் தலைமையாசிரியைக்குத் தொலைபேசினாள். கூடத்திலேயே, நின்றபடி பேசினாள். இடத்தை வைத்திருந்ததற்கு நன்றி சொன்னாள், வரவில்லை என்றாள். அந்த அம்மாள் வருத்தம் தெரிவித்தார் போலிருக்கிறது. அதன் பிறகும் பேச்சு தொடர்ந்தது. மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அந்தப் பள்ளியில் இருந்த வருடங்களில் அவள் யாருக்கும் எதற்கும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"இல்ல மேடம், முடியாது" என்றாள். கைபேசியை வைத்தாள்.

"இன்னாவாம்?" என்றார் மாமனார்.

"டிசம்பர்ல ஆண்டு விழாவாம். பசங்களுக்கு பிரெஞ்சுப் பாட்டு மட்டும் வந்து சொல்லிக் குடுக்கணுமாம்."

"போலாமே. பாட்டுதான?"

"அப்பா" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல், ஆனால் முழுக் குரலில். அவர் உடனே டிவியைப் போட்டார்.